கப்பலை நீரில் தள்ளும் அந்த ஒரு நிமிடம்

1898 ஜூன் 21. லண்டனில், லீ ஆறு தேம்ஸில் வந்து கலக்கிற இடத்தில் இருந்த தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் தளத்தில், ஆல்பியன் என்ற போர்க்கப்பலை நீரில் இறக்கினார்கள். எங்கும் சிக்கவில்லை, சாயவில்லை, கணக்குப் போட்டபடியே வழுக்கிக்கொண்டு போய் மிதந்தது. அதே நிமிடத்தில் 30க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள். அதற்குப் பதினைந்து வருடம் முன்னால் கிளாஸ்கோவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே இறக்கிய கப்பலே கவிழ்ந்து 124 பேர் போனார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. விக்டோரியா ராணியின் கடைசி இருபது வருடங்களில் கப்பலை நீரில் இறக்குவது கம்பெனிக்கு விளம்பரம், ஊருக்குத் திருவிழா, பொறியாளருக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும் வேலை. திருவிழாவுக்கு வந்த கூட்டத்தையோ, கப்பலுக்குள் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களையோ யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில், ஏன் இவ்வளவு கப்பல்கள்? 1890களின் தொடக்கத்தில் உலகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட வணிகக் கப்பல்களில் முக்கால்வாசிக்கும் மேல் பிரிட்டனில் கட்டப்பட்டவை. கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றங்கரை, வடகிழக்கு இங்கிலாந்தின் டைன், வியர் ஆறுகள், அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட், இந்த நான்கைந்து ஊர்கள்தான் ஏறக்குறைய உலகத்துக்கே கப்பல் போட்டுக் கொடுத்தன. 1870களின் இறுதி வரைக்கும் இரும்புத் தகடு, அதற்கப்புறம் எஃகு. 1879இல் டம்பார்ட்டனில் டென்னி கம்பெனி கட்டிய ரோட்டோமஹானா, 1881இல் குனார்ட் கம்பெனிக்காக இறக்கப்பட்ட செர்வியா, இவையெல்லாம் எஃகுக்கு மாறியதில் முன்னோடிகள். எஃகு வந்ததும் அதே பலத்துக்கு எடை குறைந்தது, நீளம் கூடியது. அப்புறம் 1889இல் கடற்படைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது: உலகின் அடுத்த இரண்டு பெரிய கடற்படைகளைச் சேர்த்து வைத்தாலும் பிரிட்டனுடையது அதற்குக் குறையக்கூடாது என்பது கொள்கை. அதற்காக 2 கோடியே 15 லட்சம் பவுண்டு ஒதுக்கி, பத்துப் பெரிய போர்க்கப்பல்களும் 38 குரூஸர்களும் கட்ட முடிவு செய்தார்கள். அரசின் சொந்தத் தளங்கள் மட்டும் போதாமல் தனியாருக்கும் ஆர்டர் போனது. ஜப்பானும் தன் பெரிய போர்க்கப்பல்களை இங்கேதான் கட்ட வைத்தது. ஆல்பியன் இறங்கிய அதே தளத்தில் ஜப்பானின் ஷிகிஷிமா பக்கத்துச் சறுக்குப் பாதையில் பாதி கட்டி நின்றது. இந்த ஷிகிஷிமா பின்னால் வருகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுகிற வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விழா நாளில் கூட்டத்தில் நின்றவர்களில் நிறையப் பேர் இந்த வேலைக்காரர்களின் குடும்பம். பெரிய கூடம் ஒன்றின் மரத்தரையில் கப்பலின் வளைவுகளை உண்மையான அளவிலேயே வரைவார்கள். அதை அச்சாக எடுத்து, இரும்புச் சட்டங்களைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, ஏரா என்கிற அடித்தண்டின் மேல் விலா எலும்பு மாதிரி நிறுத்தி, மேலே தகடு போர்த்துவார்கள். தகட்டைத் தகட்டோடு சேர்ப்பது ரிவெட். வெல்டிங் எல்லாம் அப்போது கிடையாது. ரிவெட் அடிப்பது குழு வேலை: ஒரு பையன் உலையில் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி எறிவான், இன்னொருவன் பிடித்து ஓட்டையில் செருகுவான், ஒருவர் உள்பக்கம் கனமான இரும்பால் முட்டுக்கொடுத்துப் பிடிப்பார், வெளிப்பக்கம் வலது கைக்காரர் ஒருவரும் இடது கைக்காரர் ஒருவரும் மாற்றி மாற்றிச் சுத்தியலால் அடித்து ஆணியின் தலையைப் பரப்புவார்கள். எத்தனை ஆணி அடித்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி, மழை பெய்தால் அன்றைக்குப் பணம் இல்லை. ஒரு கப்பலுக்கு இப்படி லட்சக்கணக்கான ஆணி. 1886இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த தாமஸ் பார் என்ற காது மருத்துவர், பாய்லர் தகடுகளில் இதே மாதிரி ரிவெட் அடிக்கும் 100 தொழிலாளர்களின் செவித்திறனைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாகக் கேட்கவில்லை.

இப்படி ஒன்றிரண்டு வருடம் கட்டிய பிறகு இறக்கும் நாள் வரும். அன்றைக்குக் கப்பல் முழுசாக முடிந்திருக்காது, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நீரில் இறங்குவது வெறும் உடம்பு மட்டும்தான். பல கப்பல்களில் பாய்லர் இருக்காது, எஞ்சின் இருக்காது, போர்க்கப்பலில் பீரங்கியும் பெரும்பகுதிக் கவசமும் இருக்காது. மிதக்க வைத்து, இழுவைப் படகால் இழுத்துக்கொண்டு போய், பாரந்தூக்கி இருக்கும் துறையில் கட்டிவைத்துத்தான் மிச்சத்தைப் போடுவார்கள். ஆல்பியன் இறங்கியது 1898இல், கடற்படையில் சேர்ந்தது 1901இல். ஆனால் தவணை முறையில் பணம் கொடுக்கும் ஒப்பந்தங்களில் நீரில் இறக்குவது ஒரு பெரிய படி, ஒரு தவணை அன்றைக்குக் கைக்கு வரும், கட்டுகிற இடமும் அடுத்த கப்பலுக்குக் காலியாகும். அதனால் கம்பெனிக்கு அவசரம். அவசரம் என்ற இந்தச் சொல்லையும் நினைவில் வையுங்கள்.

சடங்குகள் தனிக் கதை. கப்பல் மேல் மதுப் பாட்டிலை உடைப்பது இந்தக் காலத்துக்கு முன்பே இருந்த வழக்கம், அதற்கும் முன்னால் வெள்ளிக் கோப்பையில் மது குடித்துவிட்டுக் கப்பல் மேல் ஊற்றுவார்கள். 1875இல் சாட்டம் என்ற ஊரின் கப்பல் தளத்தில் அலெக்ஸாண்ட்ரா என்ற போர்க்கப்பலை வேல்ஸ் இளவரசி அலெக்ஸாண்ட்ரா இறக்கிவைத்தபோது கிறிஸ்தவ வழிபாட்டையும் சேர்த்தார்கள். மதச் சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் கப்பல் இறக்கும்போது வழிபாடு நடந்தது அதுதான் முதல் முறை. 1891 பிப்ரவரியில் விக்டோரியா ராணியே போர்ட்ஸ்மத்துக்கு வந்து ராயல் சாவரின், ராயல் ஆர்தர் என்ற இரண்டு கப்பல்களை ஒரே நாளில் இறக்கிவைத்தார். ராஜ குடும்பம் வந்தால் பேண்டு வாத்தியம், பந்தல், கொடி, பத்திரிகைக்காரர்கள், டிக்கெட். இதிலிருந்து ஒதுங்கி நின்றது பெல்ஃபாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப். ஒயிட் ஸ்டார் கம்பெனிக்காக அவர்கள் கட்டிய கப்பல்களுக்குப் பாட்டிலும் கிடையாது, பெயர் சூட்டலும் கிடையாது, கட்டினோம், தள்ளினோம், அவ்வளவுதான். 1899 ஜனவரியில் அங்கே இறங்கிய ஓஷியானிக் 704 அடி நீளம், அதுவரை உலகத்தின் மிக நீளமான கப்பலாக இருந்த கிரேட் ஈஸ்டர்னையே தாண்டியது. அதற்கும் இதே கதைதான். எனக்கென்னவோ இந்த முறைதான் பிடித்திருக்கிறது.

சரி, இறக்குவது எப்படி? கப்பலைக் கட்டும்போது அதன் எடை முழுவதும் நடுவில் ஏராவின் அடியில் வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகள் மேலும், இரண்டு பக்கமும் கொடுத்த முட்டுகள் மேலும் இருக்கும். தரை ஆற்றை நோக்கிச் சாய்ந்திருக்கும், ஏறத்தாழ இருபது அடிக்கு ஓர் அடி இறக்கம். இறக்கும் நாள் நெருங்கும்போது ஏராவுக்கு இரண்டு பக்கமும் நீளவாக்கில் மரத்தடம் போட்டு, அதன் மேல் மாட்டுக் கொழுப்பையும் சோப்பையும் எண்ணெயையும் தடவுவார்கள். அந்தத் தடத்தின் மேல் வழுக்குகிற இன்னொரு மரவரிசை, அதன் மேல் கப்பலைத் தாங்கும் தொட்டில். இறக்கும் நாளன்று நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே தாளத்தில் ஆப்புகளை அடிப்பார்கள், அடிக்க அடிக்கக் கப்பல் மயிரிழை உயர்ந்து, எடை கட்டைகளிலிருந்து தொட்டிலுக்கு மாறும். அப்புறம் கீழே புகுந்து கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பார்கள். தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டன் நிற்க, முட்டுகளை எடுத்துக்கொண்டே பின்வாங்க வேண்டும். கடைசியில் கப்பலைப் பிடித்து வைத்திருப்பது இரண்டொரு தடுப்புக் கட்டைகள் மட்டும். மேடையில் இளவரசி ஒரு கயிற்றை வெட்டினால், அதில் தொங்கும் எடை விழுந்து அந்தக் கட்டையைத் தட்டிவிடும்.

இதெல்லாம் கடல் நீரின் ஏற்றவற்றத்தோடு ஒட்டி நடக்க வேண்டும். தடத்தின் முனையில் போதுமான ஆழம் ஏற்ற நேரத்தில்தான் இருக்கும், ராணியே தாமதமாக வந்தாலும் தண்ணீர் காத்திருக்காது. கட்டைகளை எடுத்துவிட்டால் திரும்ப வைப்பதும் சுலபமில்லை.

கப்பல் நகரத் தொடங்கியதும் நடப்பதைத்தான் பொறியாளர்கள் பல வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பின்பக்கம்தான் முதலில் நீருக்குள் போகும். அது மிதக்கத் தொடங்கும் வரை, தடத்தின் முனையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் தாங்க எதுவும் இல்லை. தண்ணீர் குறைவாக இருந்தால் பின்பக்கம் கீழே சாய்ந்து, முன்பக்கம் தடத்திலிருந்து தூக்கிக்கொள்ளும், நடுவில் உடம்பு முறியலாம். ஆழம் போதுமானால் பின்பக்கம் மிதந்து எழும்பும். அப்போது கப்பலின் மீதி எடையெல்லாம் முன்பக்கத் தொட்டிலின் ஒரு சின்ன இடத்தில் போய் உட்காரும். அங்கே கொழுப்பெல்லாம் பிதுங்கி வெளியே வந்து, மரம் மரத்தோடு உரசி புகை கிளம்புவது சாதாரணம். கடைசியில் முன்பக்கமும் தடத்தை விட்டு இறங்கியதும் கப்பல் ஆற்றின் எதிர்க்கரையை நோக்கி ஓடும், நிறுத்தியாக வேண்டும். நம்மூர்த் தேர் ஓட்டத்தில் வடம் பிடிப்பதைவிட முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் உண்மையான வித்தை இருக்கிறது இல்லையா, அதே மாதிரிதான். இங்கே அதற்குக் கரையில் குவித்து வைத்த கனமான சங்கிலிகள், நங்கூரங்கள், தெறித்துப் போகிற கயிறுகள். கிளைட் மாதிரிக் குறுகலான ஆற்றில் இது உயிர்நாடி. கிளைட்பேங்கில் இருந்த தாம்சன் கம்பெனியின் தளம், எதிர்க்கரையில் கார்ட் என்ற சிற்றாறு வந்து சேரும் இடத்துக்கு நேரே அமைந்ததால் நீளமான கப்பல்களை இறக்க அவர்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. அந்தத் தளம் அவ்வளவு பெரியதாக வளர இந்த இடவசதியும் ஒரு காரணம்.

சிக்காமல் ஓடுவதும் நிச்சயமில்லை. 1860 டிசம்பர் 29, தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் தளத்திலேயே வாரியர் என்ற புகழ்பெற்ற இரும்புக் கப்பலை இறக்கியபோது, கடும் குளிரில் அது சறுக்குப் பாதையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. இழுவைப் படகு, ஹைட்ராலிக் ஜாக்கி என்று எல்லாவற்றையும் போட்டு, மேல்தளத்தில் ஆட்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவைத்துக் குலுக்கித்தான் நகர்த்த முடிந்தது.

மேல்தளத்தில் ஆட்களை ஓடவைத்தது அங்கே உதவியது. முதலில் சொன்ன, கிளாஸ்கோவில் கவிழ்ந்த டாஃப்னே என்ற கப்பலில் ஆட்கள் இருந்ததே எமனானது.

1883 ஜூலை 3. கிளாஸ்கோ பக்கம் கோவன் பகுதியில் லின்ட்ஹவுஸ் என்ற இடத்தில் அலெக்ஸாண்டர் ஸ்டீஃபன் அண்ட் சன்ஸ் தளம். டாஃப்னே சின்னக் கப்பல், ஏறத்தாழ 450 டன், ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஓடுவதற்காகக் கட்டியது. ஜூலை நடுவில் கிளாஸ்கோ ஃபேர் விடுமுறை, ஊரே தளத்தை மூடிவிட்டுப் போய்விடும். அதற்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி. அதனால் இறங்கியவுடன் வேலையைத் தொடர வசதியாக, தச்சர்கள், கொல்லர்கள், பையன்கள் என்று ஏறத்தாழ 200 பேரைக் கருவிகளோடு கப்பலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இறக்கினார்கள். கப்பலை நிறுத்த இரண்டு பக்கமும் கரையில் நங்கூரச் சங்கிலி. ஒரு பக்க நங்கூரம் சில கெஜம் நகர்ந்து நின்றுவிட்டது. மறுபக்கத்தது மண்ணைப் பிய்த்துக்கொண்டு பல மடங்கு தூரம் இழுபட்டுப் போனது. கப்பல் திரும்பியது, ஆற்றின் ஓட்டம் அதைப் பக்கவாட்டில் பிடித்தது, இடது பக்கமாகச் சாய்ந்து அப்படியே கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழி இல்லை. 124 பேர், அதில் எத்தனையோ சிறுவர்கள்.

விசாரிக்க அரசு அனுப்பியது சர் எட்வர்ட் ரீடை, கடற்படையின் முன்னாள் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர். அவர் நங்கூரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இறக்கும் நேரத்தில் அந்தக் கப்பலுக்கு நிமிர்ந்து நிற்கும் திறனே மிகக் குறைவாக இருந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். விஷயம் இதுதான். ஒரு கப்பல் கொஞ்சம் சாய்ந்தால் தண்ணீர் அதைத் தூக்கும் இடம் சாய்ந்த பக்கத்துக்கு நகரும், அந்த உந்தல் கப்பலைத் திருப்பி நிமிர்த்தும். ஆனால் கப்பலின் எடை மையம் ரொம்ப மேலே இருந்தால் அதே உந்தல் நிமிர்த்துவதற்குப் பதிலாகக் கவிழ்க்கத் தொடங்கும். கீழே உட்கார வேண்டிய கனமான பொருட்கள், நிலக்கரி, சரக்கு எதுவும் இல்லாமல், பாதி கட்டிய உடம்பு மிதக்கும்போதுதான் எடை மையம் மேலே ஏறி இருக்கும். அதில் கட்டி வைக்காத மரமும் இரும்பும் 200 ஆட்களும் இருந்தால்? கொஞ்சம் சாய்ந்ததும் எல்லாம் தாழ்ந்த பக்கத்துக்கு உருண்டு வரும், சாய்வு இன்னும் கூடும். கடலில் சரக்கோடு ஓடும்போது பத்திரமாக இருக்கக்கூடிய அதே கப்பல் இறக்கும் அந்த நிமிடத்தில் பத்திரம் இல்லை.

இது அப்போதைய அறிஞர்களுக்குத் தெரியாத விஷயமா என்றால், கோட்பாடு நூறு வருடத்துக்கும் மேலாகப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் சின்ன வணிகக் கப்பல் கட்டும் தளங்களில் இறக்கும் நிலைக்கு என்று தனியாக இந்தக் கணக்கைப் போடுகிற பழக்கம் பரவலாக இல்லை. போன கப்பல் சரியாக இறங்கியது, இதுவும் இறங்கும், அதுதான் கணக்கு. கம்பெனி மேல் ரீட் குற்றம் சொல்லவில்லை. பிற தளங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தன என்பதால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனாலும் 124 பேருக்கு யாருமே பொறுப்பில்லை என்பது தொண்டையில் சிக்குகிறது. இதற்குப் பின் நிலைமை மாறியது. இறக்கும்போது கப்பலைக் கட்டி நிறுத்தத் தேவையான ஆட்களைத் தவிர வேறு யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்பது வழக்கமானது, இறக்கும் நிலைக்கான நிலைத்தன்மைக் கணக்கும் வேலையின் பகுதியானது. அதே 1883இல்தான் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கப்பல் வடிவமைப்புக்கான பேராசிரியர் பதவி தொடங்கியது. கோவனின் பெரிய கப்பல் கம்பெனி ஒன்றின் உரிமையாளராக இருந்த ஜான் எல்டரின் மனைவி இசபெல்லா எல்டர் பணம் கொடுத்தார், முதல் பேராசிரியர் ஃபிரான்சிஸ் எல்கர். டாஃப்னேயில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னங்களில் ஒன்று, அதே இசபெல்லா கோவன் மக்களுக்குக் கொடுத்த எல்டர் பூங்காவில் நிற்கிறது. கப்பலைப் பின்னால் தூக்கி, வேலையை முடித்து, ரோஸ் என்று வேறு பெயர் வைத்து ஓட்டினார்கள்.

ஆக, 1898இல் ஆல்பியனை இறக்கியபோது கப்பலைப் பற்றிய பாடத்தை எல்லாரும் படித்திருந்தார்கள். ஏறத்தாழ 13,000 டன் போர்க்கப்பல், அதன் உடம்பு கச்சிதமாக இறங்கியது. கரையைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை. ராஜ குடும்பத்தைச் சேர்ந்த யார்க் டியூக்கும் அவர் மனைவி டச்சஸும் வருகிறார்கள் என்று ஏறத்தாழ 30,000 பேர் கூடியிருந்தார்கள். பெரும்பகுதி அக்கம்பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்கள். நல்ல இடம் கிடைக்காதவர்கள், ஷிகிஷிமா நின்ற பக்கத்தில், நீரோரமாக வேலையாட்கள் போய்வரப் போட்டிருந்த லேசான மரப்பாலத்தில் ஏறி நின்றார்கள். அது ஆபத்து என்று போலீஸார் இறக்கிவிடப் பார்த்தும் கூட்டம் கேட்கவில்லை. டச்சஸ் மூன்று முறை முயன்றும் பாட்டில் உடையவில்லை, அப்புறம் கயிற்றை வெட்டினார். கப்பல் பாய்ந்தது. இறங்குகிற உடம்பு தன் எடை அளவுக்குத் தண்ணீரைச் சில நொடிகளில் விலக்கித் தள்ளும், அகலமான கழிமுகத்தில் அது ஒரு சின்ன அலை, ஆல்பியன் இறங்கிய, லீ ஆற்றின் முகத்துவாரமான பௌ கிரீக் மாதிரி ஒரு குறுகிய வாய்க்காலில் அதற்குப் பக்கவாட்டில் எழும்புவதைத் தவிர வேறு வழி இல்லை. எழும்பிய அலை மரப்பாலத்தை நொறுக்கியது, ஏறத்தாழ 200 பேர் தண்ணீரில் விழுந்தார்கள். வாழ்த்துக் கூச்சலிலும் பேண்டு சத்தத்திலும் அலறல் கேட்கவில்லை, நடந்தது என்னவென்று கூட்டத்தில் பலருக்குப் பத்து நிமிடம் வரை தெரியவே இல்லை.

சினிமா பிறந்த புதிது அது. ராபர்ட் பால் என்ற பிரிட்டிஷ் முன்னோடி விழாவைப் படமெடுக்க ஒரு படகில் இருந்தார், விபத்தும் அதில் பதிவானது. அவர் அதைத் திரையிட்டதும் சாவைக் காட்டிக் காசு பார்க்கலாமா என்று கண்டனம் எழுந்தது, வேறொரு படக்காரர் தன்னிடம் இருந்ததைக் காட்ட மாட்டேன் என்றார். இன்றைக்கு விபத்து வீடியோக்களைப் பற்றி நாம் போடுகிற சண்டையேதான், நூற்றிருபத்தைந்து வருடம் முன்பு.

தளத்தின் முதலாளி ஆர்னால்ட் ஹில்ஸ் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனார், இறுதிச் சடங்குச் செலவை ஏற்றார். தொழிலாளர் நலனில் உண்மையிலேயே அக்கறை காட்டியவர், தன் தளத்தில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தவர். அவருடைய ஆட்களுக்காக 1895இல் தொடங்கிய கால்பந்து அணிதான் 1900இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆனது. அந்த அணியின் சின்னத்தில் இருக்கும் இரண்டு சுத்தியல்கள் ரிவெட் அடிக்கிறவை.

ஆனால் நிலக்கரியும் எஃகும் வடக்கே கிடைக்க, லண்டனில் கப்பல் கட்டுவது வருடத்துக்கு வருடம் கட்டுப்படியாகாமல் போனது. தேம்ஸில் இருந்த மற்ற பெரிய தளங்கள் ஏற்கெனவே ஒவ்வொன்றாக மூடியிருந்தன. ஹில்ஸ் கடைசி வரை போராடி தண்டரர் என்ற ராட்சதப் போர்க்கப்பலுக்கு ஆர்டர் வாங்கினார். 1911 பிப்ரவரியில் அது இறங்கியது, ஆனால் அவ்வளவு பெரிய கப்பலை நிறுத்தி வேலை முடிக்க அந்தக் குறுகிய வாய்க்காலில் இடமே இல்லை. ஆற்றில் கீழே டாகன்ஹாமில் புதிதாக ஒரு துறை கட்டி அங்கே இழுத்துக்கொண்டு போய்த்தான் முடித்தார்கள். அந்தச் செலவும் சேர்ந்து அழுத்த, 1912இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸை மூடிவிட்டார்கள்.